கொல்லைப்புறம் தந்த சொந்தங்கள்

"இந்தக் கறிவேப்பிலைக் கன்றும் போச்சா?" என்று என் கணவர் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டல்ல, நர்சரியிலிருந்து ஆட்டோ வைத்துக் கொண்டுவந்த 11 கன்றுகளில் அதுதான் கடைசி!

தாம்பரத்தை அடுத்த ஒரு புறநகரில் வீடு கட்டிக் குடிவந்த புதிது. ஒரு கிரவுண்டு மனை. வீடு போக, பின்னால் 600 சதுர அடி கொல்லை. ஏழு மாதக் குழந்தையுடன் நாள் முழுக்க நாலு சுவருக்குள் இருந்த எனக்கு அந்தக் கொல்லைதான் கனவு. பிள்ளைக்கு முதன்முதலாகப் பருப்பும் கீரையும் மசித்துக் கொடுக்கும்போது, அது நம் வீட்டுக் கீரையாக இருக்கவேண்டும் என்று ஆசை. ஆசை இருந்தது, மண்தான் இல்லை! மேலே வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும். கீழே கடப்பாறைக்கும் அசையாத களிமண்.

அதே மாதம் ஒரு ராத்திரி குழந்தைக்கு ஜுரம் அனலாய்க் கொதித்தது. இவர் வெளியூரில். யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. விடியும்வரை ஈரத்துணியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். செடிகள் காய்ந்ததற்கும் இந்தத் தனிமைக்கும் சம்பந்தம் உண்டு என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

பாட்டி கேட்ட கேள்வி

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாயங்காலம் தெருவில் நடக்கும்போது, பின் தெருவில் ஒரு வீட்டைப் பார்ப்பேன். சித்திரை வெயிலிலும் மதிலுக்கு மேலே வாழை இலை பச்சைப்பசேல் என்று தெரியும். ஒருநாள் தைரியமாக உள்ளே போய், "பாட்டி, என்ன உரம் போடறீங்க?" என்று கேட்டேன்.

"உரம் கெடக்கட்டும். பாத்திரம் கழுவுற தண்ணியெல்லாம் உங்க வீட்டுல எங்கே போவுது?"

"சாக்கடைக்குத்தான்."

"குப்பை?"

"குப்பை வண்டிக்கு."

"நல்லாருக்கு! வீட்டுச் சோத்தைத் தெருவுல கொட்டிட்டு ஓட்டலுக்குப் போறாப்பல இருக்கே!" என்று சிரித்தார் பாட்டி.

அவர்தான் என்னை அடுத்தடுத்த வீடுகளுக்கு அழைத்துப் போனார். பந்தலில் புடலை ஏற்றியிருக்கும் ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர், நாலு மாடு வைத்திருக்கும் பால்கார அக்கா, மாடியில் தக்காளி போட்டிருக்கும் பள்ளி ஆசிரியை... எல்லாரும் எனக்கு இரண்டு தெருவுக்குள்தான் இருந்தார்கள்! ஒருவரிடம் விதை, ஒருவரிடம் சாணம், ஒருவரிடம் பந்தல் போடும் கைத்திறன். எல்லாம் தெரிந்தவர் யாருமில்லை. எல்லாரும் சேர்ந்தால் தெரியாதது அதிகமில்லை.

பெயர் புதிது, வழி பழையது

"நீங்க பேசறதுக்கு ஒரு பெரிய பேர் இருக்கு, பெர்மாகல்ச்சர்" என்று சொன்னவர் ஆசிரியை. 'பெர்மனென்ட்', 'அக்ரிகல்ச்சர்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து உண்டாக்கிய பெயர். நிலைத்த வேளாண்மை என்று சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த பில் மாலிசனும், அவருடைய மாணவர் டேவிட் ஹோம்கிரனும் 1978-ல் ஒரு புத்தகம் எழுதி இதைப் பரப்பினார்கள். காட்டுக்கு யாரும் உரம் போடுவதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை; ஆனாலும் காடு செழிக்கிறது. அதுபோல ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவாகும்படி தோட்டத்தை அமைக்கவேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்னது. நம் மண்ணில் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சென்று சொன்னதும் இதற்கு நெருக்கமானதுதான்.

இதில் மூன்று தர்மங்கள் உண்டு: பூமியைப் பேணு, மனிதரைப் பேணு, மிஞ்சியதைப் பகிர்ந்துகொள். மூன்றாவதை நான் ஒப்புக்குச் சொன்னது என்றே முதலில் நினைத்தேன். பக்கத்து வீட்டாரின் மிச்சம் இல்லாமல் என் மண் உயிர் பெற்றிருக்காது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் செய்தது என்ன?

முதலில் செடியே வைக்கவில்லை! "எங்கே வெயில் விழுது, எங்கே தண்ணி தேங்குதுன்னு ஒரு மாசம் சும்மா பாரு" என்றார் பெரியவர். பார்த்தேன். என் கறிவேப்பிலை மாண்ட இடம், மேற்கு வெயிலில் மதில் சூடு நேராக அடிக்கும் இடம்!

பிறகு இடிபாட்டுத் துண்டுகளைப் பொறுக்கி அகற்றினோம். ஆடியில் கம்பு, கேழ்வரகு, உளுந்து, தட்டைப்பயறு, எள், சணப்பு என்று பலவகை விதைகளைக் கலந்து விதைத்தோம். சுமார் 50 நாளில் பூ எடுக்கும் சமயம் எல்லாவற்றையும் வெட்டி அந்த மண்ணிலேயே மடக்கிவிட்டோம். "ஐயோ, வளர்ந்ததை வெட்டுவதா?" என்று எனக்கு மனசே வரவில்லை. ஆனால் பயறுச் செடிகளின் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சத்தாக மாற்றித் தருகின்றன. மடக்கினால் அந்தச் சத்து மண்ணில் சேரும்.

அதற்கு மேல் மூடாக்கு. தெருவில் பெருக்கிக் கொளுத்துகிற சருகை வீடு வீடாகக் கேட்டு வாங்கி வந்து அரை அடி உயரத்துக்குப் பரப்பினேன். மண் சூடாவதில்லை, ஈரம் சீக்கிரம் காய்வதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மண்புழு வந்துவிட்டது!

பாட்டி காட்டிய வாழைக்குழிதான் எல்லாவற்றிலும் அருமை. வீட்டுச் சுவரையும் கிணற்றையும் விட்டு நன்றாகத் தள்ளி, நாலடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி. அதில் சுள்ளி, தென்னை மட்டை, சருகு, காய்கறித் தோல். எடுத்த மண்ணைச் சுற்றிக் கரையாகப் போட்டு, கரைமேல் மூன்று வாழைக்கன்று, நடுநடுவே சேப்பங்கிழங்கு. சமையலறைத் தண்ணீர் குழாய் வழியாகக் குழிக்குள் போகும்.

எதை எங்கே வைப்பது என்பதிலும் கணக்கு உண்டு. தினமும் பறிக்கிற கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை சமையலறை வாசலுக்கு அருகே. எப்போதோ பார்க்கிற முருங்கை கொல்லைக் கோடியில். மழை நாளில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அடையும்; குழந்தை தூங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம்.

உங்கள் பேட்டையில் தேடுங்கள்

* யார் வீட்டு மதிலில் அவரைக்கொடி தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நடங்கள். அந்தக் கதவைத் தட்டுங்கள்.
* யோசனை கேட்பதைவிட ஒரு பிடி விதை கேளுங்கள். யோசனை தானாக வரும். வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு கிண்ணம் ஊறுகாயாவது கொண்டு போங்கள்.
* மாதம் ஒரு ஞாயிறு, ஆளுக்கொரு வீட்டில் கூடுங்கள். ஒரு மணி நேரம் அந்த வீட்டுத் தோட்டத்தில் எல்லாரும் வேலை, பிறகு காபி.
* விதைப் பொட்டலத்தில் பெயரும் மாதமும் எழுதிக் கொடுங்கள். நன்றாக உலர்ந்த விதையுடன் சாம்பல் கலந்து வைத்தால் பூச்சி அண்டாது.
* காலி மனையில் பயிரிட ஆசையா? உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிய பிறகே மண்வெட்டியைத் தொடுங்கள்.

தாய்மார்கள் கவனிக்க

பிளீச்சிங் பவுடர், பினாயில் கலந்த தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். கழிவறைத் தண்ணீர் கூடவே கூடாது. குழியில் தண்ணீர் தேங்கி நின்றால் கொசு வரும்; மேலே சருகு மூடியிருக்கட்டும். தேங்காய்ச் சிரட்டை, தொட்டித் தட்டு இவற்றில் நிற்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை கவிழ்த்து விடுங்கள். பழைய வீட்டை இடித்த மண்ணில் பெயிண்ட்டிலிருந்து ஈயம் கலந்திருக்கலாம். அங்கே கீரை போடாமல், தொட்டியில் நல்ல மண் நிரப்பிப் போடுங்கள்.

எல்லாக் காய்கறியும் கொல்லையிலிருந்து வந்துவிடுகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். வெங்காயம், உருளைக்கிழங்குக்கு இன்றும் கடைதான். பிள்ளையின் முதல் கீரைக்கும் தோட்டம் தயாராகவில்லை. பாட்டி வீட்டு முளைக்கீரைதான் கொடுத்தேன். இரண்டாவது பிறந்தநாளன்று கீரை வடைக்கு மட்டும் அவனே என்னுடன் வந்து எங்கள் பாத்தியில் பறித்தான்.

போன மார்கழியில் அவனுக்கு மறுபடி நடுராத்திரியில் ஜுரம். இவர் அன்றும் ஊரில் இல்லை. பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். பாட்டி போர்வையும் வெந்நீர் பிளாஸ்க்குமாக என்னுடன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காலையில் திரும்பி வந்தபோது பால்கார அக்கா வாசல் தெளித்துக் கோலமும் போட்டு வைத்திருந்தார்.

சகோதரிகளே, நர்சரிக்குப் போகுமுன் அடுத்த தெருவுக்கு ஒருதரம் நடந்துவிட்டு வாருங்களேன்!