தேர் வருமுன் கதை வரட்டும்

மாசி மகம் வந்தால் விருத்தாசலத்தில் நடக்க இடம் இருக்காது. விருத்தகிரீஸ்வரரின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும். மேளம், வெடி, நெரிசல். ஆட்டிசம் உள்ள நான்கு வயதுப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டால், "புள்ளைய வளர்த்த லட்சணம்" என்று யாராவது முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். இரைச்சலும், அடுத்து என்ன என்று தெரியாத திகைப்பும் சேர்ந்து படுத்தும் பாடு அது.

திகைப்பைக் கதையால் குறைக்க முடியும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே உருவாக்கிய 'சமூகக் கதை' முறையில் ராஜா ராணி கிடையாது, நீதியும் கிடையாது. நடக்கப்போவதைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "நாளைக்குத் தேர் பார்க்கப் போறோம். மேளம் சத்தமா இருக்கும். பிடிக்கலைன்னா அம்மா கையை அழுத்துவேன். வீட்டுக்கு வந்துடுவோம்." அவ்வளவுதான். கட்டளையைவிட விவரிப்பு அதிகம் இருக்க வேண்டும் என்பது கிரேயின் விதி. 'கத்தாதே, ஓடாதே' என்று அடுக்கினால் அது மிரட்டலாகிவிடும். ஒரே கதையை அலுக்காமல் தினமும் சொல்ல வேண்டும். பாட்டி இருக்கும் வீட்டில் கவலையில்லை.

வெறும் சொல் பிடிபடாத பிள்ளைக்குக் கையில் பொருள் வேண்டும். செராமிக் தொழிற்பேட்டை உள்ள விருத்தாசலத்தில் அதற்கா பஞ்சம்? அம்மாவுக்கு ஒரு பொம்மை, பிள்ளைக்கு ஒன்று, தேர்களுக்கு ஐந்து அகல் விளக்குகள். "ஒண்ணு போச்சு, ரெண்டு போச்சு" என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். ஐந்தாவதும் போனால் வீடு. திருவிழா எப்போது முடியும் என்பது பிள்ளையின் கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. எதையும் வாயில் வைக்கும் பிள்ளைக்கு மட்டும் பீங்கான் வேண்டாம்: உடைந்தால் வெட்டும், வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். துணிப் பொம்மை போதும்.

கதையின் பலன் பிள்ளைக்குப் பிள்ளை மாறும்; பேச்சுப் பயிற்சிக்கோ சிகிச்சைக்கோ அது மாற்றும் அல்ல. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்; அங்கே சேவை இலவசம். "இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்காமல், அடுத்த குழு என்றைக்கு வருகிறது என்று அங்கன்வாடியில் கேட்டுவையுங்கள்.