மிச்ச மருந்து வீட்டுக்குள் வேண்டாம்

தை பிறந்து முந்திரி தளிர்விட்டுப் பூவெடுக்கும்போது, நெய்வேலி சுற்றுவட்டாரத்தில் தேயிலைக் கொசுவும் வந்துவிடும். சுரங்கத்தில் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கூட முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு தோப்புக்குக் கிளம்புகிறார். முகத்தில் துண்டு, கையில் உறை இல்லை. அண்ணாந்து அடிக்கும் மருந்தின் சாரல் அவர் மீதே இறங்குகிறது. வியர்த்த தோல் வழியாகவும் விஷம் உள்ளே போகும். தலைச்சுற்றல், வாந்தி, கண் மங்கல் எல்லாம் வெயில் கணக்கில் எழுதப்படுகின்றன.

அதைவிடப் பெரிய ஆபத்து, அடித்தது போக மிஞ்சியது. அடுத்த பூச்சிக்கு ஆகும் என்று அது வீட்டுக்கு வருகிறது. பரண்மேல், அரிசி மூட்டைக்குப் பின்னால், சில வீடுகளில் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருப்பார்கள். லேபிளும் இல்லை, சிவப்பு முக்கோணமும் இல்லை. தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது கலர்தான். 2013-ல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு 23 குழந்தைகளைக் கொன்றது. சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். மனம் உடைந்த ஒரு நிமிடத்தில் கைக்கெட்டுவதும் இதே மிச்சம்தான்.

வழி நம் கடலூர் மாவட்டத்திலேயே கிடைத்தது. காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், தற்கொலைத் தடுப்புக்காக உழைக்கும் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் ‘சினேகா’ குழுவினர் ஊருக்குப் பொதுவான மருந்துக் கிடங்கை அமைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. வேண்டும்போது எடுத்து, மிச்சத்தை அங்கேயே வைத்துவிட வேண்டும். 2013-ல் வெளியான முடிவு நம்பிக்கை தந்தது. வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்த இலங்கையின் அனுராதபுர ஆய்வில் பலன் தெரியவில்லை. பெட்டி அந்தந்த வீட்டாரின் பொறுப்பிலேயே இருந்தது அல்லவா!

கொடிய மருந்துகளைத் தடை செய்தாலே போதும் என்பவர்களும் உண்டு. தடைகளால் இலங்கையில் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தது உண்மை. தடை வரட்டும். ஆனால் ஒரு பாட்டில் போனால் இன்னொன்று அதே பரணில் ஏறும்.

முந்திரி பூக்கும் ஒவ்வொரு ஊராட்சியிலும் அப்படியொரு கிடங்கு வேண்டும். கிராமசபையில் கேளுங்கள். மருந்து உடம்பில் பட்டால் உடையைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உள்ளே போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள், லேபிளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மனம் தளர்ந்தால் மனநல உதவி எண் 14416-ல் பேசுங்கள். கிடங்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பரணில் இருப்பதை இன்றே இறக்கி, வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் கைபடாத இடத்தில் பூட்டி வையுங்கள்.