முதலீட்டுத் தொகுப்பு மறுசமநிலையாக்கம்

முதலீட்டுத் தொகுப்பு மறுசமநிலையாக்கம் என்பது, ஒருவர் தம் சேமிப்பைப் பங்கு, வங்கி வைப்பு, தங்கம் முதலிய சொத்து வகைகளில் பிரித்து வைத்த விகிதம் விலை மாற்றங்களால் பிறழும்போது, அதனை மீண்டும் பழைய விகிதத்துக்குக் கொண்டுவரும் செயலாகும். இதன் முதன்மை நோக்கம் கூடுதல் இலாபம் அன்று. இடரைத் தாங்கக்கூடிய அளவுக்குள் வைத்திருப்பதே ஆகும். விலை ஏறியதைக் குறைத்து, இறங்கியதைக் கூட்ட வேண்டியிருப்பதால் பலருக்கு இதில் மனம் ஒப்புவதில்லை.

கோட்பாடு

சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்காத சொத்துகளைக் கலந்து வைத்தால் மொத்த இடர் குறையும் என்பதை ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் கணித அடிப்படையில் விளக்கினார். 1990இல் பொருளியலுக்கான நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். சொத்துகளின் எண்ணிக்கையை விட, அவை எதைச் சார்ந்து நிற்கின்றன என்பதே முக்கியம் என்பது இக்கோட்பாட்டின் சாரம்.

கரிசல் பகுதியில்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களை உள்ளடக்கிய கரிசல் நிலத்தில் வேளாண்மை பெரும்பாலும் மானாவாரியாகும். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியன விதைக்கப்படுகின்றன. பருத்திக்கு இடையே உளுந்தை ஊடுபயிராக இடுவதும் உண்டு. பூச்சித் தாக்குதலோ விலைச் சரிவோ ஒரு பயிரைக் கெடுத்தால் மற்றது கைகொடுக்கும். ஆனால் மழையே பொய்த்தால் இரண்டும் போகும். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பை விட ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

குடும்பச் சேமிப்புக்கும் இது பொருந்தும். புஞ்சை நிலம், ஆடுமாடு, ஊருக்குள் கொடுத்த கைமாற்றுக் கடன் ஆகிய மூன்றும் பார்வைக்கு வெவ்வேறு சொத்துகளே. மழையில்லா ஆண்டில் நிலத்தை வாங்க ஆள் இராது. தீவனமின்றி ஆட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ள நேரும். கடன் வாங்கியவரும் அதே மழையை நம்பியவர் என்பதால் பணம் திரும்பாது. எனவே இங்கு மீளாய்வின் முதற்கேள்வி, தொகுப்பில் மழையைச் சாராத பங்கு எவ்வளவு என்பதாகவே இருத்தல் வேண்டும். அஞ்சலகச் சேமிப்பு, வங்கி வைப்பு, தங்கம், பரஸ்பர நிதி ஆகியன அவ்வகையின. ஒரு வங்கியில் ஒருவருக்கு உள்ள வைப்புகளுக்கு 2020 முதல் மொத்தம் 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

எடுத்துக்காட்டு

நிலம் நீங்கலாக ஒரு குடும்பத்திடம் 10 இலட்சம் ரூபாய் இருப்பதாகக் கொள்வோம்: வைப்பு 4, தங்கம் 3, பங்குசார் நிதி 3 இலட்சம். தங்கத்தின் விலை மட்டும் பாதி அளவு ஏறினால் (2025இல் அது அதற்கும் மேல் ஏறியது), தங்கம் 4.5 இலட்சமாகவும் மொத்தம் 11.5 இலட்சமாகவும் ஆகும். தங்கத்தின் பங்கு 30 விழுக்காட்டிலிருந்து 39 ஆகிவிடுகிறது. பழைய விகிதத்துக்குத் திரும்ப 1,05,000 ரூபாய்த் தங்கத்தை விற்று, 60,000 ரூபாயை வைப்பிலும் 45,000 ரூபாயை நிதியிலும் இட வேண்டும்.

நகையாக இருப்பின் இது எளிதன்று. வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பக் கிடைப்பதில்லை. பெண்ணுக்கென்று சேர்த்த நகையை விகிதக் கணக்குக்காக விற்பவரும் அரிது. புதிதாக வரும் பணத்தைக் குறைந்துபோன வகைகளில் மட்டும் இடுவது மாற்று வழியாகும். மேற்கண்ட குடும்பம் எதையும் விற்காமல் தங்கத்தை 30 விழுக்காட்டுக்குக் கொண்டுவர 3.5 இலட்சம் ரூபாய் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஒரே மகசூலில் இது முடியாது. ஆயினும் அதுவரை மேலும் தங்கம் வாங்காதிருப்பதே பாதி வேலையாகும்.

காலமும் செலவும்

ஆண்டுக்கு ஒருமுறை அல்லது விகிதம் 5 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் பிறழும்போது மறுசமநிலையாக்கம் செய்வது பரவலான வழக்கம். மானாவாரிக் குடும்பங்களுக்கு, மகசூல் பணம் கைக்கு வரும் தை முதல் பங்குனி வரையான காலம் ஏற்றது. விதைப்புக்கு முன் செய்தால், விதைக்கும் உரத்துக்கும் தேவையான பணம் முடங்கிவிடக்கூடும்.

அடிக்கடி செய்வதும் இழப்பே. முதிர்வுக்கு முன் வைப்பை முறித்தால் வட்டி குறையும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குசார் நிதியை விற்கும்போது, ஓர் நிதியாண்டில் 1.25 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரி உண்டு. இவ்விகிதம் 2024 சூலை 23 முதல் நடைமுறைக்கு வந்தது.