காற்றில் போகும் விசைகள்

கம்பியில்லா விசைப்பலகையும் மவுஸும் மேசைமேல் இருக்கும் குட்டி வானொலி நிலையங்கள். விசையை அழுத்தியதும் உள்ளேயுள்ள சில்லு அதற்குரிய எண்ணைச் சில பைட்டுகளாகக் கட்டி, பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்புகிறது. யுஎஸ்பி துளையில் செருகிய, கட்டைவிரல் நகம் அளவுள்ள டாங்கிள் அதை வாங்கி, இன்ன விசை அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்கிறது. கணினி மறுபேச்சின்றி நம்பிவிடுகிறது. கம்பி இருந்தவரை இந்த நம்பிக்கையில் நியாயம் இருந்தது; தட்டுகிறவர் மேசைக்கு எதிரேதான் உட்கார்ந்தாக வேண்டும். வானொலி அலையோ சுவரைத் தாண்டும். பக்கத்து வீட்டிலும், தெருவில் நிற்கும் காரிலும் எட்டும்.

இதில் ஆபத்து இரண்டு: ஒட்டுக்கேட்பது, உள்ளே புகுந்து தட்டுவது.

ஒட்டுக்கேட்பது பழைய கதை. 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய மைக்ரோசாஃப்ட் விசைப்பலகைகளின் குறியாக்கத்தை 2007-இல் சுவிட்சர்லாந்தின் டிரீம்லேப் ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினர். எல்லா விசைக்கும் ஒரே பைட்டைக் கலந்து அனுப்பும் முறை அது. சாவியாக இருக்கக்கூடியவை மொத்தம் 256. சிறுவர்கள் எழுத்துக்கெழுத்து ‘க’ சேர்த்துப் பேசும் ரகசிய பாஷையைவிட அது பெரிய பூட்டு என்று சொல்ல முடியாது. 2015 ஜனவரியில் சாமி கம்கார் என்ற அமெரிக்கர் ‘கீஸ்வீப்பர்’ என்ற கருவியைச் செய்து காட்டினார். பார்வைக்குச் சுவரில் செருகும் சார்ஜர். உள்ளே அக்கம்பக்கத்து மைக்ரோசாஃப்ட் கம்பியில்லா விசைப்பலகைகளில் தட்டுவதைச் சேமிக்கும் மின்பலகை. அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவனம், எட்டு நிறுவனங்களின் மலிவு விசைப்பலகைகளில் குறியாக்கமே இல்லை என்று அறிவித்தது. கடவுச்சொல்லும் அட்டை எண்ணும் தட்டியது தட்டியபடி 250 அடி தூரம்வரை கேட்டன.

இரண்டாவது ஆபத்து மவுஸ் வழியாக வருகிறது. அதே பாஸ்டிலில் இருந்த மார்க் நியூலின் 2016 பிப்ரவரியில் வெளியிட்ட இந்தக் குறைக்கு ‘மவுஸ்ஜேக்’ என்று பெயர். லாஜிடெக், டெல், ஹெச்பி, லெனோவா, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட ஏழு நிறுவனங்களின் சாதனங்கள் இதில் சிக்கின. மவுஸின் நகர்வைக் கேட்டு யாருக்கு என்ன லாபம் என்று நினைத்தோ என்னவோ, அதற்குக் குறியாக்கம் வைக்காமல் விட்டிருந்தார்கள். பல டாங்கிள்களோ மவுஸின் முகவரியிலிருந்து வருவது நகர்வா, விசைத்தட்டா என்று பார்க்கவே இல்லை. மவுஸ் பெயரில் விசைத்தட்டை அனுப்பினால் அப்படியே ஏற்றுக்கொண்டன. நியூலின் பயன்படுத்தியது குட்டி டிரோன் ஓட்டுவதற்கென விற்கும் மலிவான வானொலி டாங்கிள். 100 மீட்டர் வரை அது போதுமானதாக இருந்தது.

திரையில் இது எப்படித் தெரியும்? வீட்டுக்காரர் அடுப்படிக்குப் போயிருக்கிறார். கணினி திறந்தே இருக்கிறது. விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்ந்து அழுந்தியதுபோல் ஒரு சிறு பெட்டி திறக்கிறது, அதில் ஒரு வரிக் கட்டளை விழுகிறது, என்டர். கறுப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறைகிறது. கண்சிமிட்டும் நேரம்தான், அதற்குள் வெளியிலிருந்து ஒரு நிரல் இறங்கிவிடலாம். வெளியே இருந்து தட்டுகிறவருக்குத் திரை தெரியாது, குருட்டாம்போக்கில்தான் தட்டுகிறார். அதனால் திரை பூட்டியிருந்தால் இந்த வித்தை அநேகமாகப் பலிக்காது. விசைப்பலகைக்குக் கம்பி இருக்கிறதே, மவுஸ்தானே கம்பியில்லாதது என்று நிம்மதியாக இருப்பவருக்கும் இதே கதிதான்.

லாஜிடெக் உடனே திருத்தம் வெளியிட்டது. ஆனால் வேறு பல டாங்கிள்களில் இருப்பது ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய நினைவகம். அவற்றைத் திருத்த வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். 2019-இல் லாஜிடெக்கின் யூனிஃபையிங் முறையிலும் ஓட்டை தெரிந்தது: சாதனத்தை டாங்கிளோடு இணைக்கும் நேரத்தில் ஒட்டுக்கேட்டால் குறியாக்கச் சாவியையே எடுத்துவிடலாம். 2021-இல் அந்நிறுவனம் புளூடூத்தை அடிப்படையாகக் கொண்ட ‘லாஜி போல்ட்’ முறையைக் கொண்டுவந்தது.

புளூடூத்தும் தப்பவில்லை. ஆண்ட்ராய்டு, லினக்ஸ், ஆப்பிள் கருவிகளில் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமலே ஒரு போலி விசைப்பலகை ஒட்டிக்கொள்ள முடியும் என்பதை 2023 டிசம்பரில் காட்டியவரும் நியூலின்தான். திருத்தங்கள் வந்தன, ஆண்ட்ராய்டு 10-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் வரவில்லை.

வீட்டைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல்: திருடர் அலை எட்டும் தூரத்துக்கு வந்தாக வேண்டும், வெளிநாட்டில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. தனிவீட்டைவிட அடுக்குமாடியிலும் விடுதியிலும்தான் கவனம் கூடுதலாகத் தேவை. மவுஸை அணைத்தாலும் டாங்கிள் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் அதைப் பிடுங்கிவைப்பது நல்லது. எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டிவிடலாம். வாங்கும்போது 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கம் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். அது விசைத்தட்டுக்கு மட்டும்தானா, மவுஸுக்கும் உண்டா என்று கேட்பது இன்னும் நல்லது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்குக் கம்பியுள்ள விசைப்பலகையும் கம்பியுள்ள மவுஸும்தான் சரி. விலையும் குறைவு, பேட்டரியும் வேண்டாம்.