நைட்டி போதும்னு யார் சொன்னது?

மதுரையில் வீட்டிலேயே பதினெட்டு வருஷமாகத் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பாவாடை என்று ஊரே தைக்கிறதைத்தான் நானும் தைக்கிறேன். ஆனால், கை கால் சரியாக வராதவர்களுக்கு எப்படித் தைப்பது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதான் எழுத உட்கார்ந்தேன்.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரும், "நைட்டியைப் போட்டு விடு, உனக்கும் சுலபம்" என்றார்கள். எனக்குச் சுலபம்தான்! ஆனால் ஐம்பது வருஷமாகச் சுங்குடிச் சேலையைத் தவிர வேறு கட்டாதவர் அவர். நைட்டியோடு வாசலுக்கு வர மாட்டேன் என்று உள்அறையிலேயே கிடந்தார். யாராவது வந்தால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக் கொள்வார். ஒரு நாள், "ஏம்மா, என் ரவிக்கையை நானே போட்டுக்க வழியே இல்லையா?" என்று கேட்டார்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு விதி சொல்லியிருந்தார். உடுத்தும்போது வராத கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். அதை மனசில் வைத்தே துணியை வெட்டினேன். வலது கையைத் தளர்த்தி, அக்குளில் சதுரமாக ஒரு துண்டு கொடுத்தேன். முன்பட்டியில் கொக்கியைப் பார்வைக்கு மட்டும் தைத்து, உள்ளே வெல்க்ரோ வைத்தேன். இடது கையால் அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும். சேலையை வெட்டவில்லை. கொசுவத்தை மடித்து, எலாஸ்டிக் பட்டியில் பிடித்துத் தைத்ததோடு சரி. தையலைப் பிரித்தால் பழையபடி முழுச் சேலை.

அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள்! "கை நீளம் முழங்கைக்கு ரெண்டு விரல் மேலே நிக்கணும். அரக்குச் சேலைக்கு மஞ்சள் ரவிக்கைதான் எடுப்பு. கழுத்து சதுரமா வை." எனக்குச் சந்தோஷம். நோயாளிக்கு எது வேணும் என்று எல்லாரும் முடிவு செய்கிறார்கள். கலர் என்ன என்று கேட்கிறவர் யார்?

இதைக் கேள்விப்பட்டு இன்னொரு பெண்மணி வந்தார். இளம்பிள்ளை வாதத்தால் சின்ன வயசிலிருந்தே காலில் காலிபர் போட்டு நடப்பவர். இரும்பு உரசி உரசி, பேன்ட் முழங்காலில் கிழிந்துகொண்டே இருக்குமாம். உரசும் இடத்தில் உள்ளே கெட்டித் துணி கொடுத்து, பக்கத் தையலைத் தொடை வரை திறந்து பிரஸ் பட்டன் வைக்கலாம் என்றேன். பட்டன் கறுப்பில் வைக்கவா என்றதற்கு, "எதுக்குக்கா மறைக்கணும்? சிவப்புல வைங்க. ஓரம் முழுக்கக் கண்ணாடி வேலையும் வேணும்" என்றார்.

ஃப்ரீடா காலோ என்ற மெக்சிகோ நாட்டு ஓவியர் பற்றி அவர்தான் சொன்னார். ஆறு வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியது. 1925-ல் பஸ் விபத்தில் முதுகெலும்பும் முறிந்தது. அந்த அம்மாள் முதுகைத் தாங்கப் போட்ட பிளாஸ்டர் கச்சையின் மேலேயே ஓவியம் தீட்டினார். தெவான்தெபெக் ஊர்ப் பெண்கள் உடுத்தும் நீளப் பாவாடையையும், கொக்கி இல்லாத குட்டைச் சட்டையையும் தன் உடையாக்கிக் கொண்டார். 1953-ல் காலையே எடுத்த பிறகு, செயற்கைக் காலுக்குப் பூ வேலை செய்த சிவப்பு பூட்ஸ், அதில் ஒரு குட்டி மணி வேறு! அடுத்த வருஷமே இறந்துவிட்டார். பூட்டி வைத்த அவரது துணிமணிகளை 2004-ல்தான் திறந்தார்கள். 2018-ல் லண்டன் மியூசியத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்களாம்.

இப்போது வெளிநாட்டுக் கம்பெனிகள் காந்த பட்டன் வைத்த சட்டைகளும் விற்கின்றன. ஒட்டுவது சுலபம்தான். ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தைக்கிறவர்கள், பேன்ட்டின் பின்பக்கத்தை உயர்த்தி, முன்பக்கத்தை இறக்கி வெட்டுங்கள். பின் பாக்கெட் வேண்டவே வேண்டாம். உட்கார்ந்தே இருக்கும்போது அந்தத் தடிப்பு அழுத்திப் புண்ணாகிவிடும். துப்பட்டா சக்கரத்தில் மாட்டாத நீளத்தில் இருக்கட்டும்.

வெல்க்ரோவின் சொரசொரப்புப் பக்கம் உடம்பில் படக்கூடாது. துவைக்கும் முன் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற துணிகளின் நூலை இழுத்துவிடும். முதலில் ஒரு பழைய பிளவுஸில் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, அப்புறம் நல்ல துணியில் கத்திரியை வையுங்கள்.

- ஒரு வாசகி, மதுரை.