குசினிக்கு மின்னடுப்பு வருகிறதா? முதலில் சுவரைப் பாருங்கள்!



2021ஆம் ஆண்டின் இறுதியில் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் பல வீடுகளைப் பீதியில் ஆழ்த்தின. 2022இல் சிலிண்டருக்காக வெயிலிலும் மழையிலும் வரிசையில் நின்றதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அக்காலத்தில்தான் நம் குசினிகள் பலவற்றுக்கு மின்னடுப்பு வந்து சேர்ந்தது. புகையில்லை, கரியில்லை, ஊத வேண்டியதில்லை. நல்ல வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அடுப்பின் விலையையும் நிறத்தையும் பார்த்து வாங்கும் நாம், அதைத் தாங்கப்போகும் சுவரிலுள்ள வயரைப் பார்த்தோமா?

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பற்றியபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி, உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். மின்னடுப்பில் சுவாலை தெரிவதில்லை. ஆயினும் அந்த எதிரி சுவருக்குள்ளே, பிளக்குக்குள்ளே மறைந்திருக்கிறான்.

சின்னக் கணக்கு ஒன்று

நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். அடுப்பின் அடியில் எழுதியிருக்கும் வாட் அளவை 230ஆல் வகுத்தால், அது இழுக்கும் அம்பியர் தெரியும். 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் வட்டத்துளை பிளக் பொயின்ட் தாங்குவதோ 1150 வாட்தான். அதில் அடுப்பைச் செருகினால் என்ன ஆகும்? முதலில் பிளக் சுடும், பிறகு பிளாஸ்டிக் கருகிய வாடை வரும், அதன்பின் தீ.

13 அம்பியர் சதுரத்துளை பொயின்ட் ஏறத்தாழ 3000 வாட் வரை தாங்கும். ஒற்றை அடுப்புக்கு அது போதும். ஆனால் அதே பொயின்ட்டில் மல்டி பிளக் போட்டுக் கேத்தலையும் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் 2000 வாட் என்றால் 17 அம்பியரைத் தாண்டிவிடும்.

நான்கு தட்டு வைத்த பெரிய அடுப்புகள் 6000, 7000 வாட் வரை போகும். வீட்டின் இணைப்பே 30 அம்பியர் என்றால் முழு வீட்டுக்கும் கிடைப்பது 6900 வாட்தான். 15 அம்பியர் இணைப்பு என்றால் அதில் பாதி. ஆகவே பெரிய அடுப்பு வாங்குமுன் உங்கள் இணைப்பு எத்தனை அம்பியர் என்று விசாரியுங்கள். தேவைப்பட்டால் மின்சாரம் வழங்கும் அலுவலகத்தில் இணைப்பைக் கூட்டித் தருமாறு விண்ணப்பிக்கலாம்.

தனி வயர், தனி சுவிட்ச்

மேசையில் பதிக்கும் அடுப்புக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் வர வேண்டும். இடையில் ஒட்டுப் போடக்கூடாது. 13 அம்பியர் பொயின்ட்டுக்கு வழமையாகப் போடுவது 7/0.67 வயர். 32 அம்பியர் பிரேக்கருடன் வரும் பெரிய அடுப்புக்கு 7/1.04 வயர் போடுவதே நல்லது.

அடுப்பை முற்றாக நிறுத்தும் சுவிட்ச், அடுப்புக்கு நேர் மேலே அல்லாமல் பக்கவாட்டில், கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பற்றினால் நெருப்பின் மேலாகக் கையை நீட்டவா முடியும்? தண்ணீர்க் குழாய், சிங்க் ஆகியவற்றிலிருந்தும் அது தள்ளியே இருக்க வேண்டும்.

எர்த்தும் ட்ரிப் சுவிட்சும்

இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக எர்த் துளைக்குள் பேனாவையோ கரண்டிக் காம்பையோ குத்தும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இன்றோடு அதை விட்டுவிடுங்கள். எர்த் சரியாக இருந்தால்தான் அடுப்பின் உடலில் கசியும் மின்சாரம் உங்கள் உடலைத் தேடாமல் நிலத்துக்குப் போகும்.

ட்ரிப் சுவிட்சில் சிறு பொத்தான் ஒன்றிருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள். அடுப்பைப் போட்டதும் ட்ரிப் விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பது, எச்சரிக்கும் காவலாளியை வீட்டைவிட்டு விரட்டுவதற்குச் சமம்.

வேலைக்கு வருபவரிடம் கேளுங்கள்

கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், "அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்" என்று பெண்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வாப்பாவையோ சகோதரரையோ வீட்டில் வைத்துக்கொண்டு, தயங்காமல் கேளுங்கள்:

1. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா?
2. எந்த வயர் போடுகிறீர்கள்? அதில் எஸ்.எல்.எஸ். முத்திரை உண்டா?
3. பிரேக்கர் எத்தனை அம்பியர்? அந்த வயர் அதைத் தாங்குமா?
4. எர்த்தை மீற்றர் வைத்துச் சோதித்தீர்களா?

விசயம் தெரிந்தவர் கோபிக்க மாட்டார், விளக்கிச் சொல்வார். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தைப் பெற்றே சுவரில் கை வையுங்கள்.

அன்றாடக் கவனம்

இன்டக்ஷன் அடுப்பு வாங்குவோர் சட்டியின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால்தான் சூடேறும். மண்சட்டியும் சாதாரண அலுமினியச் சட்டியும் அதற்கு உதவாது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர் வீட்டில் இருந்தால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். அடுப்பின் காற்றுத் துவாரத்தை அடைக்க வேண்டாம். கண்ணாடியில் கீறல் கண்டால் சுவர் சுவிட்சை நிறுத்திவிடுங்கள். அதன்மேல் மீண்டும் சமைக்காதீர்கள்.

நோன்பு காலத்தில் இன்னும் கவனம் தேவை. ஸஹருக்குத் தூக்கக் கலக்கத்தோடு எழும்புகிறோம். இப்தாருக்கு முன் கஞ்சி ஒரு பக்கம், சமோசா பொரிப்பது மறுபக்கம், இடையில் பிளண்டர், கேத்தல். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். வுழூச் செய்த ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். அணைத்த பின்னும் தட்டு சில நிமிடங்கள் சுடும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஆபத்து நேர்ந்தால்

எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. சுவிட்சை நிறுத்தி, சட்டியை மூடியால் மூடுங்கள். யாரையாவது மின்சாரம் பிடித்தால் பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த தடியால் வயரை விலக்குங்கள். பிறகு 1990ஐ அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அதை எப்படி நிறுத்துவது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும்கூட, இன்றே காட்டிக் கொடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட வழி. நல்ல வயருக்குச் செலவழிக்கும் சில ஆயிரம் ரூபா வீண்விரயமல்ல. அல்லாஹ் நம்மிடம் அமானிதமாகத் தந்த உயிர்களைக் காக்கும் செலவு அது. இன்றிரவு உறங்கப் போகுமுன் ஒருமுறை குசினிக்குப் போய், அடுப்பின் சுவிட்ச் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் இல்லங்கள் அனைத்தையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.