ரூட் நம்பர் 7... ரூட் நம்பர் 21!

உங்க தெருவிலோ சொந்தத்திலோ அப்படி ஒரு குழந்தையைப் பார்த்திருப்பீங்க. நாலு வயசாகியும் சரியா பேச்சு வரலை. வீட்டுக்கு வர்ற சித்தப்பா, பெரியம்மா எல்லாரும் அந்தக் குழந்தையை விட்டுட்டு அம்மாகிட்டதான் கேட்பாங்க, 'சாப்பிட்டானா? தூங்கினானா?' நீங்களும் கன்னத்தைக் கிள்ளிட்டு நகர்ந்திருப்பீங்க. 'அதான் பேசாதே, அதுகிட்ட என்ன பேசறது!'

கொஞ்சம் நில்லுங்க பாஸ். அந்தக் குழந்தை எப்படிப் பேச்சுக்கு வந்து சேருதுங்கறது ஒரு துப்பறியும் கதை. பயாலஜி கிளாஸில் தூங்கினவங்களும் தைரியமா படிக்கலாம்!

நம்ம செல்களில் 46 குரோமோசோம்கள், ஜோடி ஜோடியாக. 21-ஆம் நம்பரில் ஜோடிக்குப் பதில் மூன்று இருந்தால் டவுன் சிண்ட்ரோம். இங்கிலாந்து டாக்டர் ஜான் லாங்டன் டவுன் 1866-ல் இதைப் பற்றி எழுதினார். காரணம் அந்த எக்ஸ்ட்ரா குரோமோசோம்தான் என்று தெரிய 1959 வரை ஆனது. 7-ஆம் நம்பர் ஜோடியில் ஒன்றில், சுமார் 25 ஜீன்கள் உள்ள சின்னத் துண்டு காணாமல் போனால் வில்லியம்ஸ் சிண்ட்ரோம். இது ரொம்ப அபூர்வம்.

1980-களில் கலிஃபோர்னியாவின் சால்க் இன்ஸ்டிடியூட்டில் அர்சுலா பெல்லுகி என்ற ஆராய்ச்சியாளர், வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ள டீன் ஏஜ் பிள்ளைகளிடம் 'ஒரு யானை வரைங்க' என்றார். துதிக்கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், காது எங்கோ என்று சிதறிக் கிடந்தது படம். 'சரி, யானையைப் பற்றிச் சொல்லுங்க' என்றதும்... கொட்டியது பாருங்க வர்ணனை! விஞ்ஞானிகள் பலர் துள்ளிக் குதித்தார்கள். அறிவு வேற, மொழி வேற. மூளையில் மொழிக்குன்னு தனி டிபார்ட்மென்ட் இருக்கு. மத்ததெல்லாம் தடுமாறினாலும் அது மட்டும் தப்பிச்சுடும்!

கேட்க அழகாத்தான் இருக்கு. ஆனா, லண்டனில் இருந்த அனெட் கார்மிலோஃப்-ஸ்மித் இதை ஒப்புக்கலை. வளர்ந்தவங்களை மட்டும் பார்த்து முடிவு கட்டலாமா, ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டாமா என்பது அவர் கேள்வி. அவரும் குழுவினரும் இரண்டு சிண்ட்ரோம்களிலும் சின்னக் குழந்தைகளைச் சோதித்து, 1999-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். வார்த்தைகளைப் புரிஞ்சுக்கறதில் இரண்டு குரூப்பும் ஒரே அளவு லேட்! பின்னாளில் வாய் ஓயாமல் பேசப்போற குழந்தையும் தொடக்கத்தில் பின்தங்கித்தான் இருந்தது.

ஏன்? வில்லியம்ஸ் குழந்தைகளுக்கு மனுஷ முகம்னா கொள்ளை ஆசை. அம்மா 'அதோ பார், காக்கா'ன்னு கையை நீட்டினால், குழந்தை அம்மா முகத்தையே ரசிச்சுக்கிட்டு இருக்கும். விரல் காட்டுற திசைக்குக் கண் போகாது. வார்த்தை காதில் விழுது, காக்கா கண்ணில் படலை. ரெண்டும் எப்படி ஒட்டும்? அதனால், குழந்தை எதைப் பார்த்துக்கிட்டு இருக்கோ அதோட பேரைச் சொன்னால் வார்த்தை சீக்கிரம் ஒட்டும். எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தும், இவங்களுக்கு இன்னும் அதிகமா.

21-ஆம் நம்பர் ரூட்டில் காட்சியே வேற. இங்கே குழந்தை விரல் நீட்டும், சைகை காட்டும், ஜாடையில் கதையே சொல்லும். பேசுறதைவிட புரிஞ்சுக்கறது அதிகம். இதை மட்டும் அடிக்கோடு போட்டு வெச்சுக்கங்க. வாயிலிருந்து வர்ற ரெண்டு வார்த்தையை வெச்சு உள்ளே இருக்கிறதை அளக்கவே கூடாது. அப்போ பேச்சு எங்கே மாட்டிக்குது? ஒண்ணு, காது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் பலருக்கு நடுக்காதில் நீர் சேர்ந்து கேட்கிற திறன் குறையும். தமிழை எடுத்துக்கங்க, 'வந்தான்', 'வந்தாள்' ரெண்டுக்கும் வித்தியாசம் கடைசி எழுத்தில்தான். அது காதில் சரியா விழலைன்னா இலக்கணம் எங்கிருந்து வரும்? பேச்சுப் பயிற்சியோடு காது டெஸ்ட்டையும் அடிக்கடி எடுக்கச் சொல்றது அதனால்தான். இன்னொண்ணு, காதால் கேட்டதை மனசில் பிடிச்சு வைக்கிறது இவங்களுக்குக் கஷ்டம். கண்ணால் பார்த்தது நிற்கும். 1980-களிலிருந்து இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் சூ பக்லி இதைத்தான் பிடிச்சுக்கிட்டார். பேச்சு வரட்டும், அப்புறம் படிக்கலாம்னு காத்திருக்காமல், வார்த்தை அட்டைகளைக் காட்டி வாசிக்க வெச்சு, அது வழியாகவே பேச்சை வளர்க்கிற முறை. தலைகீழ் பாடம்தான், ஆனா பலன் கொடுத்தது!

'கையால் பேசிப் பழகிட்டா வாயால் பேச மாட்டான்'னு ஒரு பயம் பல வீடுகளில் உண்டு. ஆதாரம் கிடையாது. பேச்சு வர்ற வரைக்கும் சைகைதான் பாலம்.

இன்னொரு அட்வைஸ் இதைவிட மோசம். 'ஒரு மொழியே வரலை, ரெண்டு எதுக்கு? வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க.' பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது. ஆக, குழந்தையோட பேசுற ஆட்களே பாதியாகக் குறைஞ்சுடுவாங்க. கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்டும் சக ஆய்வாளர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ரெண்டு மொழியில் வளரும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் இங்கிலீஷ், ஒரே மொழியில் வளரும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளைவிட மோசமா இல்லை. கொஞ்சம் குழந்தைகளை வெச்சுச் செஞ்ச ஆய்வுதான். ஆனா, பின்னாடி வந்தவையும் அதே பக்கம்தான் நிற்குது. பாட்டி தாராளமா தமிழிலேயே கொஞ்சட்டும்!

சரி, அடுத்த கல்யாண வீட்டில் அந்தக் குழந்தையைப் பார்த்தால் என்ன செய்வீங்க? அம்மாவை விடுங்க, குழந்தைகிட்டயே கேளுங்க. சின்ன வாக்கியமா, கண்ணைப் பார்த்து. கேட்டதும் நீங்களே பதிலையும் சொல்லிடாதீங்க. மனசுக்குள் பத்து வரை எண்ணுங்க. பத்து நொடி சும்மா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அப்போதான் தெரியும்! பதில் ஒரு தலையாட்டலா வரலாம், ஒரு விரலா வரலாம். அதுவும் பதில்தான்.

இதையே படிப்பா எடுக்க ஆசைப்படுற தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் ஒரு தகவல். ப்ளஸ் டூவில் சயின்ஸ் படிச்சவங்களுக்கு 'பி.ஏ.எஸ்.எல்.பி.'ன்னு நாலு வருஷக் கோர்ஸ் இருக்கு. கேட்டல், பேச்சு, மொழி மூணும் சேர்ந்த படிப்பு, கடைசி வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப். மைசூரில் இருக்கிற அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1960-களிலிருந்து இந்தத் துறையில் பாடம் நடத்துது. சென்னைக்குப் பக்கத்தில், முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.